உன்னிச்செடி நாற்காலி: ஒன்றரை ஆண்டு உட்கார்ந்து பார்த்த பிறகு

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு முன்திண்ணையில் இரண்டு நாற்காலிகளும் ஒரு குட்டை மேசையும் கிடக்கின்றன. மூன்றும், மலைக்காடுகளில் களையாகப் பரவிக்கிடக்கும் உன்னிச்செடியின் (லாண்டானா) தண்டுகளால் செய்யப்பட்டவை. தாளவாடி மலைப்பகுதியில், சோளகர் பழங்குடிக் குடும்பங்கள் வாழும் ஒரு சிற்றூரில் நடக்கும் கைவினைக் கூடத்தில், அவர்கள் பொருளை விற்கும் நகரத்து இடைத்தரகர் வழியாகச் சொல்லிவைத்து வாங்கினேன். வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. கூடத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பாராட்ட நிறைய இருக்கிறது என்றாலும், குறையும் சொல்லியாக வேண்டும். பத்துப் பேர்கூட வேலை செய்யாத ஓர் இடத்தைப் பெயர் சொல்லிக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

நாற்காலியோடு ஓர் அட்டையும் வந்தது. இந்தப் பொருளை வாங்கியதன் மூலம் நலிந்துபோன ஒரு மலைக்காட்டை மீட்க உதவியிருக்கிறீர்கள் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். உட்காருவதற்கு நாற்காலி எப்படி இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த அட்டையில் உள்ள வாக்கியம் எவ்வளவு உண்மை என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது என்பதை, வாங்கிய பிறகு இரண்டு முறை மலையேறிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் நாற்காலி. ஒன்றின் விலை 4,200 ரூபாய், மேசைக்கு 2,800 ரூபாய், வண்டி வாடகை தனி. இதே அளவுள்ள பிரம்பு நாற்காலியோடு ஒப்பிட்டால் விலை நியாயமானதுதான். பிளாஸ்டிக் நாற்காலியோடு ஒப்பிடுபவர்கள் இதை வாங்கப் போவதில்லை. நான்கு வாரத்தில் தருவதாகச் சொன்னவர்கள் தருவதற்குப் பத்து வாரம் எடுத்துக்கொண்டார்கள். மழை விட்டால்தான் தண்டு வெட்டப் போக முடியும், வனத்துறை அனுமதித்த இடத்தில் மட்டுமே வெட்ட முடியும், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இரவு நேரப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால் வண்டிக்காரர் பகலில் நேரம் ஒதுக்கினால்தான் பொருள் கீழே இறங்கும் என்று மூன்று காரணங்கள் சொன்னார்கள். மூன்றும் உண்மை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இவை அனைத்தும் முன்பணம் வாங்கிய அன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தவை. அன்றே பத்து வாரம் என்று சொல்லியிருந்தால் நான் காத்திருந்திருப்பேன்.

அமைப்பைப் பொறுத்தவரை, கால்களுக்கும் கைப்பிடிகளுக்கும் கட்டைவிரல் பருமனைவிடச் சற்றுத் தடித்த முதிர்ந்த தண்டுகளையும், இருக்கைக்கும் முதுகுப் பகுதிக்கும் சுண்டுவிரல் பருமனுள்ள தண்டுகளையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். உன்னியின் இளந்தண்டு நான்கு பட்டையாக, கீழ்நோக்கி வளைந்த சிறு முட்களோடு இருக்கும். முதிர்ந்த தண்டில் அந்தப் பட்டை மழுங்கிவிடும். வெட்டி வந்த தண்டுகளைப் பெரிய இரும்பு டிரம்மில் தண்ணீர் ஊற்றிச் சில மணி நேரம் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பட்டையை உரித்து, ஈரம் இருக்கும்போதே வேண்டிய வளைவுக்குக் கொண்டுவந்து ஆணி அடித்துவிடுகிறார்கள். காய்ந்த பின் அந்த வளைவு அப்படியே நிலைத்துவிடுகிறது. பிரம்புக்கும் மூங்கிலுக்கும் பழகிய கைகளுக்கு இந்த வேலை எளிதில் வந்துவிடும். கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் அசோகா சூழலியல் ஆய்வு அறக்கட்டளை இந்தத் தொழிலைச் சோளகர்களுக்குக் கற்றுக்கொடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. கூடலூர்ப் பகுதியில் பெட்டக்குறும்பர், பணியர் முதலான பழங்குடியினர் இதே தண்டுகளால் உண்மையான அளவில் செய்த யானைகள் 2021ஆம் ஆண்டு லண்டன் பூங்காக்களிலும் 2024ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டதைப் பலர் படங்களில் பார்த்திருக்கலாம்.

என் எடை 82 கிலோ. தினமும் காலையில் ஒரு மணி நேரமாவது அந்த நாற்காலியில்தான் உட்காருகிறேன். இருக்கை இதுவரை தொய்யவில்லை. முதுகுச் சாய்மானம் சற்று நிமிர்ந்து இருப்பதால் நாளிதழ் படிக்க ஏற்றது, தூங்குவதற்கு ஏற்றதல்ல. தண்டின் கணுக்கள் இருக்கையில் ஆங்காங்கே மேடாக இருப்பதால் மெத்தை இல்லாமல் அரை மணிக்கு மேல் உட்கார முடியாது. மெத்தை அவர்கள் தருவதில்லை. கைப்பிடியின் மேற்புறத்தை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியவர்கள் அடிப்புறத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அங்கே துருத்திக்கொண்டிருந்த ஆணி முனை ஒன்றில் முதல் வாரத்திலேயே என் வேட்டி கிழிந்தது. முதல் மழைக்காலத்தில் சாரல் பட்ட கால்களில் வெண்பூஞ்சை படர்ந்தது. துடைத்து, வெயிலில் வைத்து, இன்னொரு கை வார்னிஷ் அடித்த பிறகு மீண்டும் வரவில்லை. வண்டும் கரையானும் இதைத் தொடாது என்று கூடத்தில் உறுதியாகச் சொன்னார்கள். ஒரு காலை வேண்டுமென்றே மண் சுவரை ஒட்டி வைத்துப் பார்த்தேன். அதே மூலையில் சாய்த்து வைத்திருந்த மாம்பலகையைக் கரையான் தின்றது, நாற்காலியை ஒன்றும் செய்யவில்லை. இதை ஆராய்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். என் திண்ணையில் நடந்தது அவ்வளவுதான்.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாற்காலியின் பின்கால் மூட்டு ஆட்டம் கண்டது. தொலைபேசியில் பிடிக்கவே நான்கு நாள் ஆனது. மறுமுறை அந்தப் பக்கம் போனபோது நாற்காலியை வண்டியில் போட்டுக்கொண்டு போனேன். பணம் வாங்காமல் சரிசெய்து கொடுத்தார்கள். ஆக, பொருளுக்கு ஐந்துக்கு மூன்றரை. அடிப்புறத்தையும் தேய்த்து, ஆணி முனைகளை மடக்கிவிட்டால் தயக்கமின்றி நான்கு கொடுப்பேன்.

அட்டையில் இருந்த வாக்கியத்துக்கு இப்போது வருகிறேன்.

நாற்காலியைப் பழுதுபார்க்கப் போன அன்று, வேலை முடியும்வரை கூடத்துக்குப் பின்னால் இருந்த சரிவைக் காட்டுவதாக அங்கே மூத்தவரான ஓர் அம்மா அழைத்துப் போனார். தூரத்திலிருந்து பார்த்தால் அது பச்சைப்பசேலென்ற காடு. அருகில் போனால், ஆள் உயரத்துக்கும் மேலே உன்னிப் புதர் பின்னிக்கிடக்க, நடுநடுவே வேங்கையும் கடுக்காயும் நெல்லியும் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. புதருக்குக் கீழே புல் இல்லை, கன்றுகளும் இல்லை. முதிர்ந்த மரங்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் பின்னால் வர வேண்டிய தலைமுறை ஒன்றுகூட இல்லை என்பதுதான் அந்தக் காட்டின் நிலைமை. அந்த அம்மா சொன்னார்: "நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ இந்தச் சரிவெல்லாம் புல்லுதான் ஐயா. இடுப்பு ஒசரம் நிக்கும். நெல்லிக்காய் பொறுக்க நேரா நடந்து போவோம். இப்போ மரம் கண்ணுக்குத் தெரியுது, கிட்டப் போக வழியில்லை."

மலைக்காட்டின் மகசூல் குறைந்துவிட்டது என்று அலுவலக மொழியில் எழுதப்படுவதன் பொருளை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை. ஒரு காலத்தில் மகசூல் என்றால் எத்தனை கன மீட்டர் மரம் என்று மட்டுமே கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கை உயர்த்துவதற்காகவே இயற்கைக் காட்டை அழித்துத் தேக்கும், நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளின் மேல் தைலமரமும் சீகை மரமும் நட்டார்கள். அதன் விளைவைத் திருத்தத்தான் இப்போது செலவு செய்துகொண்டிருக்கிறோம். மலையில் வாழ்பவருக்கு மகசூல் என்பது நெல்லி, கடுக்காய், பூந்திக்கொட்டை, சீமாற்றுப் புல், தேன், கல்பாசி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனம். கோடையிலும் வற்றாத ஓடை. கீழே பவானிப் பாசனத்தில் வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஓடையே மகசூல். மானுக்கும் காட்டெருமைக்கும் அது புல். உன்னி இவற்றில் ஒன்றையும் தருவதில்லை. அதன் இலையில் உள்ள நச்சு கால்நடையின் கல்லீரலைக் கெடுத்துவிடும் என்பதால் மாடு அதில் வாய் வைப்பதில்லை. பசி தாங்காமல் தின்ற மாட்டுக்கு வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்துபோகும்.

தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த இந்தச் செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரால் அழகுக்காகவும் வேலிக்காகவும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2020ஆம் ஆண்டு வெளியான இந்திய வனவிலங்கு நிறுவன ஆய்வொன்றின்படி, இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 1.54 லட்சம் சதுர கிலோமீட்டர், இதன் பிடியில் இருக்கிறது. எங்கள் மலைக்கு வடக்கே ஒட்டியிருக்கும் பிலிகிரி ரங்கசாமி மலையில் 1997ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பிரித்துவைத்த மாதிரித் திட்டுகளில் 41 விழுக்காட்டில் உன்னி இருந்தது. 2008இல் அதே திட்டுகளை மீண்டும் எண்ணியபோது 81 விழுக்காட்டில் இருந்தது. பதினோரு ஆண்டில் இரு மடங்கு. கோடையில் லேசான சருகுத் தீ வைப்பது சோளகர்களின் பழைய வழக்கம். அது தடுக்கப்பட்ட பிறகுதான் உன்னியும், நெல்லி மரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவியும் பெருகின என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் அதைப் பொருட்படுத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று அதே தீயை வைத்தால் புதர் முழுவதும் பற்றி மரத்தின் உச்சிவரை ஏறிவிடும் என்பதால், பழைய வழக்கத்துக்கு அப்படியே திரும்பிப் போகவும் வழியில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உன்னி வெயிலை விரும்பும் செடி. கிளைகள் நெருங்கி நிழல் கவிந்த காட்டுக்குள் அது எளிதில் தழைப்பதில்லை. மரம் வெட்டியும், அளவுக்கு மீறி மேய்த்தும், பாதை போட்டும் நாம் திறந்துவிட்ட இடங்களில்தான் அது முதலில் காலூன்றியது. ஆகையால் காடு நலிந்ததற்கு உன்னி ஒரு காரணம் என்றால், காடு நலிந்ததன் அடையாளமும் அதுவே. உன்னியை மட்டும் எடுத்துவிட்டு வெயில் விழும் வெறுமண்ணை அப்படியே விட்டால், மீண்டும் உன்னிதான் வரும்.

நாற்காலிக்கும் காட்டுக்கும் உள்ள உறவு தளர்வது இந்த இடத்தில்தான். நாற்காலிக்கு வேண்டியது நேரான, முதிர்ந்த தண்டு. அதைத் தரைக்கு மேலே அரிவாளால் வெட்டினால் போதும். வெட்டிய கட்டை அடுத்த மழையில் நான்கு தளிராக வெடிக்கும். இரண்டு மூன்று ஆண்டில் மீண்டும் வெட்டலாம். தொழில் செய்பவரின் கோணத்தில் அது நல்ல விளைச்சல். காட்டின் கோணத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. புதர் முன்னைவிட அடர்த்தியாகிறது, அவ்வளவே. நான் பார்த்த சரிவில் ஒரு பகுதி அப்படித்தான் இருந்தது. என் நாற்காலியின் தண்டுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டபோது, கூடத்தில் இருந்த இளைஞர் சற்றும் தயங்காமல் அந்தப் பகுதியைத்தான் காட்டினார். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. அட்டையை அச்சிட்டது அவர் அல்ல. அவர்கள் பொருளை வாங்கி விற்கும் நகரத்து இடைத்தரகர்.

அதே சரிவின் மறுபக்கம் வேறு மாதிரி இருந்தது. ஒரு ஏக்கர்கூட இருக்காது. அங்கே மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வேரோடு எடுத்திருந்தார்கள். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் குழு உத்தராகண்டின் கார்பெட் காட்டில் செய்துகாட்டிய முறை இது. உன்னியின் தண்டும் வேரும் சேரும் இடத்தில்தான் மறுதளிர் விடும் மொட்டுகள் உள்ளன என்பதால், தரைமட்டத்துக்கு இரண்டு விரற்கடை கீழே களைக்கொத்தால் ஆணிவேரைத் துண்டித்து, புதரை முழுதாகத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுகிறார்கள். மண்ணை ஆழமாகக் கிளற வேண்டியதில்லை என்பதால் சரிவில் மண் அரிப்பும் குறைவு. காய் பழுப்பதற்குள் இதைச் செய்து முடிக்க வேண்டும். உன்னிப் பழத்தைத் தின்ற கொண்டைக்குருவியும் மைனாவும் எந்த மரத்தில் வந்து உட்காருமோ அந்த மரத்தடியில்தான் அடுத்த ஆண்டு நாற்று முளைக்கும். ஆகவே முழுச் சரிவையும் தேட வேண்டியதில்லை, பறவை அமரும் மரங்களின் அடியை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் பார்த்துக் களைந்தால் போதும். எடுத்த இடத்தில் உடனே உள்ளூர்ப் புல் விதையைத் தூவிவிடுகிறார்கள். புல் மூடிய பிறகு மரக்கன்று தானாக வருகிறது. வராத இடத்தில் நடலாம்.

அந்த ஒரு ஏக்கரில் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. மான் புழுக்கை கிடந்தது. வேங்கைக் கன்றுகள் ஏழெட்டு எண்ணினேன். யாரும் நட்டவை அல்ல. நெல்லி மரத்தடிவரை நடந்து போக முடிந்தது. நாற்காலி அட்டை சொல்லும் மீட்பு என்பது இதுதான். ஆனால் அதற்கான கூலியைக் கொடுத்தது நாற்காலி அல்ல, அரசுத் திட்டப் பணம். முதல் ஆண்டு வெட்டி எடுக்கும் வேலைக்குப் பணம் வந்தது, இரண்டாம் ஆண்டுக் களையெடுப்புக்குப் பாதி வந்தது, மூன்றாம் ஆண்டுக்கு இன்னும் வரவில்லை என்று அந்த அம்மா சொன்னார். மரத்தடியில் ஒரு சாண் உயரத்துக்கு உன்னி நாற்றுகள் மீண்டும் எட்டிப்பார்ப்பதையும் அவரே சுட்டிக்காட்டிக் கையால் பிடுங்கிப் போட்டுக்கொண்டே நடந்தார்.

காட்டை மேம்படுத்தும் எந்தத் திட்டத்திலும் எனக்குத் தெரிந்து இந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறது. ஜப்பான் நிதியுதவியோடு 1997இல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் நலிந்த காடுகளை ஒட்டிய ஊர்களில் கிராம வனக் குழுக்களை அமைத்தது, தடுப்பணைகள் கட்டியது, கன்றுகள் நட்டது. தடுப்பணைகள் பல இன்றும் நிற்கின்றன. குழுக்களில் எத்தனை இன்றும் கூடுகின்றன என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் இதைத் தொடர்ந்து விசாரித்து உத்தரவுகள் பிறப்பித்துவருகிறது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் பரவிய மஞ்சள் கொன்றை என்ற அந்நிய மரங்களைக் காகிதக்கூழுக்காகத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் எடுத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. இருந்தாலும் அங்கேயும் இதே கேள்விதான்: லாரியில் ஏறுவது தண்டு, காட்டில் தங்குவது கட்டை. மஞ்சள் கொன்றை, வெட்டிய கட்டையிலிருந்து புதராகத் தழைப்பதில் உன்னிக்குச் சளைத்ததல்ல. வெட்டியதற்கு டன் கணக்கு எழுதலாம். களை வராமல் காத்ததற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லை.

அளவையும் பார்க்க வேண்டும். ஒரு நாற்காலிக்கு இரண்டு தலைச்சுமைத் தண்டு போதும் என்றார்கள். ஒரு ஏக்கர் புதரில் எத்தனை சுமை தேறும் என்று கேட்டதற்கு அந்த இளைஞர் சிரித்துவிட்டார். மேலும் தண்டில் கால் பங்குகூட நாற்காலிக்கு ஆகாது; கோணலும் இளசும் அங்கேயே கிடக்கும். தமிழ்நாட்டில் எல்லாத் திண்ணைகளிலும் உன்னி நாற்காலி போட்டாலும் அது மலையின் ஒரு மூலையைத்தான் தொடும். இந்தத் தொழிலால் உண்மையில் நடப்பது வேறு: அந்தக் கூடத்தில் வேலை செய்யும் பெண்கள் காப்பித் தோட்டக் கூலிக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊரை விட்டுப் போகாமல் இருக்கிறார்கள். ஊரில் இருப்பவரால்தான் மூன்றாம் ஆண்டு மரத்தடி நாற்றைப் பிடுங்க முடியும். நாற்காலியின் பெருமை அவ்வளவு தூரம் சுற்றித்தான் காட்டைச் சேர்கிறது. அது சின்னப் பெருமை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அட்டையில் இருப்பது அதுவல்ல.

எனவே அட்டைக்கு ஐந்துக்கு ஒன்றுதான் கொடுக்க முடிகிறது. நகரத்துக் கண்காட்சியில் இதுபோன்ற பொருளைப் பார்ப்பவர்கள், தண்டை வெட்டினீர்களா அல்லது வேரோடு எடுத்தீர்களா, எடுத்த இடத்தில் என்ன விதைத்தீர்கள், அடுத்த ஆண்டு யார் போய்ப் பார்த்தார்கள் என்று விற்பவரைக் கேட்கலாம். நான் கேட்ட இரண்டு கடைகளில் ஒருவருக்கு உன்னி என்பது செடியா மரமா என்றே தெரியவில்லை.

வாங்காதீர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. நானே இன்னொரு பொருளுக்குச் சொல்லியிருக்கிறேன்: மூன்று பேர் உட்காரக்கூடிய ஒரு நீள இருக்கை, 7,500 ரூபாய். இம்முறை இடைத்தரகர் வழியாக அல்லாமல் நேரடியாகக் கூடத்திடமே பேசினேன். வேரோடு எடுத்த பக்கத்துத் தண்டாக இருக்க வேண்டும் என்றும், அதற்கு ஆகும் கூடுதல் கூலியாக 1,000 ரூபாய் சேர்த்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். அந்த அம்மா யோசித்துவிட்டு, ஆயிரத்தை இருக்கையின் விலையில் சேர்க்க வேண்டாம், ஆடி மாதம் களையெடுக்க ஆள் போகும்போது தனியாகக் கொடுங்கள் என்றார். அடிப்புறத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டதற்கு, இந்த முறை பத்து என்று நேராகவே சொன்னார்கள்.